கொட்டை

மலை உச்சியில் என் வேலை
பிறர் தின்பதைப் பார்ப்பதில் தொடங்குகிறது.

மென்டோசாவிலிருந்து வரும் இரவுப் பேருந்து
சாவடிக்கு முந்திய வளைவில் நிற்கும்.
பழம் வைத்திருப்பவர்கள் இங்கேயே தின்றுவிடுங்கள்,
அப்புறம் அபராதம் என்பார் ஓட்டுநர்.
நாற்பது பேர் இறங்கி
முகப்பு விளக்கின் வெளிச்சத்தில்
நேர்த்திக்கடன் தீர்ப்பதுபோல் தின்பார்கள்.
பல் ஆடுகிறவர் ஆப்பிளை,
தூக்கம் கலையாத குழந்தை
வாயில் திணிக்கப்பட்ட திராட்சையை.
யாரும் பேசுவதில்லை.
மெல்லும் சத்தமும் குளிரும்தான்.

பேபா அதற்குள் எழுந்து
உடம்பை ஒருமுறை உதறியிருப்பாள்.
எங்கள் பேச்சில் பேபா என்றால் விதை.
ஏழு வயது, காதில் பழைய கிழிசல்,
வயிற்றுப் பக்கம் இறுகிவிட்ட பச்சை அங்கி.
அவள் குரைப்பதில்லை, கவ்வுவதில்லை.
கண்டுபிடித்தால் உட்காருவாள்.
உட்கார்ந்து, கடன் கொடுத்தவளைப்போல
என் முகத்தைப் பார்ப்பாள்.
என் இடது பையில் பிஸ்கட் இருப்பது அவளுக்குத் தெரியும்.
பழ ஈ என்றால் என்னவென்று தெரியாது.
கீழே பள்ளத்தாக்கு முழுக்க
காய்த்து நிற்பவை எவர் வீட்டு மரங்கள் என்றும் தெரியாது.

எனக்குத் தெரியும்.
எனக்குப் பதினொன்று நடந்தபோது
எங்கள் தெருப் பொறியில் ஓர் ஈ விழுந்தது.
அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிசு, இறக்கையில் கோலம்.
அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.
எங்கள் பிளம்ஸ் மரத்தைக் காயும் பிஞ்சுமாக உருவி
கறுப்புப் பைகளில் கட்டி எடுத்துப் போனார்கள்.
அம்மா அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.
சர்க்கரை போட மறந்துவிட்டாள், அல்லது மறக்கவில்லை.
இன்று அதே நிறச் சட்டை என் மேல்.
ஏன் என்று கேட்பவர்களிடம்
சம்பளம் ஒழுங்காக வருகிறது என்பேன்.

மார்ச் கடைசி. பருவம் தப்பி முதல் பனி.
மேசையில் வரிசையாகப் பைகள்.
பேபா எல்லாவற்றையும் தாண்டிப் போய்
ஒரு மனிதரின் சப்பாத்துகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

எவாரிஸ்டோ, வெல்டர், ஐம்பத்தெட்டு என்றது அடையாள அட்டை.
அவர் கைகளை விரித்துக் காட்டினார்.
பிசுபிசுப்பு.
"தின்றுவிட்டேன். உங்கள் ஓட்டுநர்தானே சொன்னார்?"
வரிசையில் சிரிப்பு. நானும் சிரித்தேன்.
வயிற்றுக்குள் இருப்பதற்குச் சட்டத்தில் பிரிவில்லை.
வா, பேபா என்றேன்.
வரவில்லை.
வாரை இழுத்தேன். வரவில்லை.
யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
யாரோ நாய்க்குக் கிறுக்கு என்றார்கள்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவர், மெதுவாக,
மேலங்கியின் உள்பையிலிருந்து எடுத்தார்:
பேருந்துச் சீட்டில் சுற்றிய பீச் கொட்டை.
இன்னும் ஈரம். நார் நாராகச் சதை.
"மகள் இந்தப் பக்கம் வீடு வாங்கியிருக்கிறாள்.
பின்னால் கைக்குட்டை அளவு மண் இருக்கிறதாம்."
"நட்டால் முளைக்கும் என்று யார் சொன்னது?"
"முளைக்காது என்று யார் சொன்னது?"

ஓஸ்மான் அதை விளக்கடியில் வைத்து
நாரை இழை இழையாகப் பிரித்தான்.
புழு இல்லை. முட்டை இல்லை.
ஓட்டை உடைத்தான். வெள்ளைப் பருப்பு,
பால்பல் மாதிரி.
ஒன்றுமில்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
ஒன்றுமில்லாததையும் எரிக்க வேண்டும், அதுதான் விதி.
எரித்தோம்.

பேபாவுக்கு பிஸ்கட்.
அவருக்கு ஒரு ரசீது.
"இவளைத் தொடலாமா?" என்றார்.
பணியிலிருக்கும் நாயைத் தொடக்கூடாது என்று
அவர் தலைக்கு மேலேயே எழுதித் தொங்கவிட்டிருக்கிறது.
நான் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தேன்.
மூடி பேனாவிலேயே இருந்தது.
அவர் குனிந்து கையை நீட்ட,
அவள் ஒவ்வொரு விரலாக,
நகக்கண் விடாமல்
நக்கிச் சுத்தம் செய்தாள்.

வெளியே வளைவில் அடுத்த பேருந்து.
கதவு திறக்கும் சத்தம் எனக்குக் கேட்கும் முன்பே
அவள் மூக்கு உயர்ந்துவிட்டது.